இளம் வீட்டுப்பூனையின் முரட்டு விளையாட்டு

வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்படும் இளம்பூனை, வீட்டாரின் கைகால்களை இரையாகப் பாவித்துப் பதுங்கிப் பாய்வது, கவ்வுவது, பிறாண்டுவது ஆகியவை முரட்டு விளையாட்டு எனப்படும். சுமார் 3 மாதத்தில் தலைகாட்டும் இப்பழக்கம் 2 வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இதில் கோபமோ வஞ்சமோ இல்லை. வேட்டைக்கென்றே அமைந்த உடல், வேட்டையாட எதுவுமில்லாத அறையில் கண்ணில் பட்டதை வேட்டையாடுகிறது, அவ்வளவுதான். கலிபோர்னியாவின் குபெர்டினோவில் அபார்ட்மெண்ட்டில் பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி எழும் புகார்.

சூழல்

குபெர்டினோ சான்டா கிளாரா கவுண்டியிலுள்ள ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 60,381. மேற்கே சான்டா குரூஸ் மலையடிவாரமும் ரான்சோ சான் அன்டோனியோ இயற்கைக் காப்பிடமும் இருக்கின்றன. கயோட்டி எனும் ஓநாயினம் அங்கே சாதாரணம், மலைச்சிங்கமும் உண்டு. கிழக்கே போனால் ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையின் கார்கள். ஆகவே பூனையை வெளியே விடாதீர்கள் என்று காப்பகங்களும் கால்நடை மருத்துவர்களும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மதில், ஓட்டுக்கூரை, எலி, ஓணான் என்று ஊர்ப்பூனைக்கு வாய்த்த எதுவும் கம்பளம் விரித்த இரண்டு படுக்கையறை வீட்டில் இல்லை.

கணவன் மனைவி இருவரும் அலுவலகம் போனபின் குட்டி பகல் முழுதும் தூங்குகிறது. பூனை அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதரைக்குச் சென்னை அலுவலகத்தோடு மீட்டிங்கில் உட்காரும் நேரம்தான் அதற்கு விடிந்த நேரம். மேஜைக்கடியில் ஆடும் கால் கட்டைவிரல் அப்போது எலியாகிவிடுகிறது. நைட்டியின் ஓரமும் வேட்டியின் கரையும் இதே வகையில் சேரும். நடக்கும்போது அசையும் எதையும் பூனை விடாது.

காரணம்

கடியின் அளவைப் பூனைக்குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான். நாலாவது வாரத்தில் குட்டிகள் ஒன்றோடொன்று புரளத் தொடங்கும். பலமாகக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகும், விளையாட்டு நின்றுபோகும். இந்தப் பாடம் முடியும் முன்பே பிரித்தெடுத்த குட்டிக்கு எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பது தெரிவதில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் ஏறத்தாழ 6,000 பூனைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தெருவில் கண்டெடுத்துப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்த ஒற்றைக்குட்டிகளிடமும் இதே குறை தென்படும். காப்பகங்கள் குட்டிகளை ஜோடியாகக் கொடுக்க விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றைக் கேட்டு வந்தவரிடம் இரண்டைத் தள்ளிவிடும் தந்திரம் என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மற்றொரு காரணம் நாமே. ஆறு வாரக் குட்டி விரலைக் கவ்வுவது பார்க்க அழகாக இருக்கிறது. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுகிறோம். அதே குட்டி எட்டாவது மாதத்தில் நாலு கிலோ எடையோடு அதே விரலைத் தேடி வரும்போது அதட்டுகிறோம். பூனையின் பக்கத்திலிருந்து பார்த்தால் விதியை மாற்றியது நாம்தான்.

பிரித்தறிதல்

விளையாடும் பூனை சத்தம் போடாது. முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளும், ஒளிந்திருந்து பாயும், கையைக் கட்டிக்கொண்டு பின்னங்கால்களால் உதைக்கும். காது தட்டையாக ஒட்டி, சீறலும் உறுமலும் வந்தால் அது அச்சம் அல்லது வலி. தடவிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கடிப்பது வேறு வகை. வால் நுனி அடிப்பதும் முதுகுத் தோல் சிலிர்ப்பதும் 'போதும்' என்று முன்கூட்டியே சொல்லியிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். பால்கனிக் கண்ணாடிக்கு வெளியே அந்நியப் பூனையைப் பார்த்துக் கொதித்துப்போய், பக்கத்தில் நிற்பவர் மேல் பாய்வதும் உண்டு. அந்த நேரத்தில் தூக்கிச் சமாதானம் செய்யப் போகக்கூடாது. விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு விலகுவதே பாதுகாப்பு. இதுவரை சாதுவாக இருந்த பூனை திடீரென்று கடிக்கத் தொடங்கினால் பல், மூட்டு, சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வலியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கையாளும் முறை

கை விளையாட்டுப் பொருளல்ல என்பதை வீட்டிலுள்ள அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் தளர்ந்தாலும் பயனில்லை. கைக்குப் பதிலாக, குச்சி நுனியில் கயிறும் இறகும் கட்டிய தூண்டில் பொம்மை நல்லது. அதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டக்கூடாது. எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வருவதில்லை. சோபாவின் மூலையில் பாதி மறைந்து, நின்று, மெல்ல நகர்ந்து, திடீரென விலகி ஓடவேண்டும். பூனை பதுங்கிப் பின்புறத்தை அசைத்தால் வேட்டை சூடு பிடித்துவிட்டது என்று பொருள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் 10 நிமிடம் போதும். அதில் ஒன்று அந்த இரவு மீட்டிங்குக்கு முன்னால் இருக்கட்டும். முடிவில் பொம்மையைப் பிடிக்க விட்டு, உடனே இரவு உணவைத் தட்டில் வைத்தால், வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்று வரிசையாக அடங்கிவிடும். லேசர் ஒளிப்பொட்டு மட்டும் வைத்து விளையாடினால் பிடிப்பதற்கு எதுவுமில்லை. கடைசியில் பொட்டை ஒரு நிஜப் பொம்மையின் மேல் நிறுத்தவேண்டும்.

பொம்மைகளை மாற்றி மாற்றித் தருவது வீண் ஆடம்பரமல்ல. ஒரே பொம்மை பூனைக்குச் சலித்துவிடும் என்பதையும், பசியோடிருக்கும் பூனையின் விளையாட்டு மூர்க்கமாகும் என்பதையும் இங்கிலாந்தில் பூனை நடத்தை ஆய்வாளர் ஜான் பிராட்ஷாவின் குழு சோதனைகளில் கண்டது. எக்ஸிடர் பல்கலைக்கழகம் 219 வீடுகளின் 355 பூனைகளை வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி மிகுந்த உணவு கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது. சைவக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூனை மாமிசம் தின்றே வாழக்கூடிய பிராணி. பாலும் தயிர்சாதமும் அதற்குப் போதாது. சமையலறையில் டின் மீனைத் திறக்க மனமில்லாவிட்டால் பூனைக்கென்று ஒரு மூலையை ஒதுக்கலாம்.

கடித்துப் பிடித்துக்கொண்டால் கையை வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. இழுத்தால் இரை தப்பிக்கிறது என்றெண்ணி இன்னும் அழுத்தும், தோலும் கிழியும். கையை அசைக்காமல் வைத்து, சற்றே அதன் வாய்ப்பக்கம் தள்ளினால் பிடி தளரும். பின்பு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ஒரு நிமிடம் இருக்கவேண்டும். கடித்தால் விளையாட்டு முடிந்தது என்பதைச் சில வாரங்களில் புரிந்துகொள்ளும். அடிப்பது, மூக்கில் சுண்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது, "சனியனே!" என்று துரத்துவது எல்லாம் பூனையின் கணக்கில் ஒன்று மேலும் விளையாட்டு, அல்லது அச்சம். இரண்டாலும் கடி குறையாது.

ஏறுவதற்கு உயரமும் சன்னலோரத்தில் அமர இடமும் வேண்டும். நவராத்திரிக் கொலுப்படி அதற்கென்றே கட்டியதாகப் பூனை நினைத்துக்கொள்ளும். தனியறையில் கொலு வைத்துக் கதவைச் சாத்துவதே நடக்கிற காரியம். குப்பைமேனி வேரில் ஊர்ப்பூனை மயங்குவதுபோல் இங்கே கடைகளில் விற்கும் கேட்னிப்பில் மயங்கும் பூனைகள் உண்டு. சிலவற்றுக்கு அது மூர்க்கத்தையும் கூட்டும் என்பதால் பார்த்துக் கொடுக்கவேண்டும். பூச்சரத்து நூல், தலைமுடி ரப்பர், தையல் நூல் எதையும் விளையாடத் தரக்கூடாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

கடியும் சட்டமும்

பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் வெளிக்காயம் சிறியதாகத் தெரியும், உள்ளே கிருமி தங்கிவிடும். மேயோ கிளினிக் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கையில் பூனைக்கடி பட்டு வந்த 193 பேரில் 57 பேர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. உடனே சோப்புப் போட்டுக் கழுவி, வீங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குச் சர்க்கரையோ இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ இருந்தால் சிறு பிறாண்டலும் சிறிதல்ல. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, சாக்ரமென்டோ வட்டாரங்களில் 205 பூனைகளைச் சோதித்து 1995இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 40 சதவீதத்தின் இரத்தத்தில் பூனைக்கீறல் காய்ச்சலின் கிருமி இருந்தது. பூனைகளிடையே அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி என்பதால் தெள்ளு மருந்து தவறக்கூடாது.

கலிபோர்னியா விதிப்படி மனிதரைக் கடித்த பூனை 10 நாள் தனிமையில் கண்காணிக்கப்படும். குபெர்டினோவுக்கான விலங்குச் சேவையை ஒப்பந்தத்தின்பேரில் சான் ஹோசே நகரம் கவனிக்கிறது. நகத்தை எடுத்துவிடுவது தீர்வல்ல. அது விரலின் கடைசி எலும்போடு வெட்டுவது. வெஸ்ட் ஹாலிவுட் 2003இலும் சான் பிரான்சிஸ்கோ 2009இலும் அதைத் தடை செய்தன. நகம் போன பூனை பல்லையே நம்பும்.

உதவி

இரண்டு மாதம் ஒழுங்காக விளையாடியும் இரத்தம் வரும் கடி நிற்காவிட்டால் கால்நடை மருத்துவர் மூலம் நடத்தை நிபுணரை நாடலாம். டேவிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஏறக்குறைய ஒத்த வயதுள்ள இன்னொரு பூனையைச் சேர்ப்பது பல வீடுகளில் பலன் தரும், வாடகை ஒப்பந்தம் இரண்டுக்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவும் சரிவராமல் காப்பகத்திடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கடித்த விவரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். துணைக்கு ஒரு பூனை உள்ள வீட்டைத் தேடித் தர அவர்களுக்கு அந்த விவரம்தான் தேவை.