மதுரைப் படங்களும் வெயிலில் பதிந்த தாள்களும்: நேரொட்டுப் படியெடுப்பின் இடவரலாறு

ஆய்வுச்சுருக்கம்
1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையில் எடுத்த ஒளிப்படங்கள் எடுத்தவரின் பெயராலேயே அறியப்படுகின்றன. அவை தாளில் படியான முறையை, அதற்கு வேண்டியிருந்த இடம், வெயில், நீர், கைகள் ஆகியவற்றின் வழியாக இக்கட்டுரை நோக்குகின்றது. அம்முறை பின்னாளில் சிறு வீடுகளுக்குள் புகுந்ததையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: மதுரை, லின்னேயஸ் டிரைப், ஐயாசாமி, காண்டாக்ட் பிரிண்ட், இருட்டறை

கம்பெனிப் படையின் அதிகாரியான டிரைப் (1822–1902), 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியில் தொடங்கிய தென்னகப் பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் ஆகியவற்றைக் காட்டும் மதுரைப் படங்கள் 1858இல் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. கட்டடக்கலை ஆய்வாளர் இவற்றைச் சான்றாகப் பலகாலும் எடுத்தாள்வர். தாளாக இவற்றை நோக்கியவர் சிலரே.

டிரைப் பெரிதும் கையாண்டது, பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட மெழுகுத்தாள் முறை. நெகட்டிவ் கண்ணாடியாக இராது. மெழுகேற்றிய தாளாகவே இருக்கும். ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டைப் பூசிய சில நிமிடங்களுக்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆதலின் இருட்டுக் கூடாரம் உடன் செல்லவேண்டும். மெழுகுத்தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து உலர்த்தி எடுத்துச் செல்லலாம். மாட்டுவண்டியில் வெப்பநாட்டைச் சுற்றியவருக்கு இது பெருந்துணை.

நெகட்டிவின்மேல் வேதிப்பூச்சுத் தாளை நேராக ஒட்டவைத்து ஒளியூட்டுவதே காண்டாக்ட் பிரிண்ட் எனப்படும் நேரொட்டுப் படியெடுப்பு. இதில் நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. பெரிய படம் வேண்டுமெனில் பெரிய கேமராவே வேண்டும். அதுவும் போதாதெனில் ஒட்டுவதன்றி வேறு வழியில்லை. தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானக் கல்வெட்டுகளுக்காக டிரைப் 21 படிகளை வரிசையாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கியது இதற்குத் தக்க சான்று.

இனி, இடம். முட்டை வெண்கரு பூசி வெள்ளி உப்பில் தோய்த்த தாளில் உருவத்தைத் தோற்றுவிப்பது வெயிலே. டெவலப்பர் கரைசல் தேவையில்லை. மங்கிய ஒளியில் தாளைச் சட்டத்துள் அடைத்தால், பின் வெயில்படும் முற்றமோ மாடியோ போதும். சட்டத்தின் பின்பலகை கீல் வைத்த இரு துண்டுகளால் ஆனது. ஒரு பாதியைத் திறந்து படம் எவ்வளவு கறுத்துள்ளதென்று பார்க்கையில், மறுபாதி தாளை நகராமல் பிடித்துக்கொள்ளும். ஹைப்போவில் இட்டதும் படம் வெளிறுமாதலின், வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கறுக்கவிட்டு எடுப்பர். இதற்குக் கடிகாரத்தைவிடப் பழகிய கண்ணே அளவுகோல். பின்னர்ப் பலமுறை நீர்மாற்றிக் கழுவவேண்டும்; கழுவல் குறைந்த படி நாளடைவில் மஞ்சளித்துப் போகும். ஆக, இருட்டறையைவிட வெயிலும் நல்ல நீருமே இத்தொழிலின் முதல். மழைமூட்டம் வேலையை நிறுத்திவிடும்.

எத்தனை கைகள் இதில் உழைத்திருக்க வேண்டும்? டிரைப்பின் 1855ஆம் ஆண்டுப் பர்மாப் படங்கள் 120. அவற்றில் ஐம்பது தொகுதிகள் பெங்களூரில் ஆயத்தமாயின. அதாவது 6,000 படிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே வெயிலில் வைத்து எடுத்தவை. நீலநிறத்தை மிகையாக உணரும் நெகட்டிவில் வானம் வெறுமையாகிவிடுமாதலின், டிரைப் நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கியதும் அறியப்பட்டதே. ஆனால் ஆயிரக்கணக்கான படிகளை ஒருவரே எடுத்திருக்க இயலாது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியிற் பயின்ற சி. ஐயாசாமி டிரைப்பின் உதவியாளராக விளங்கினார். அருங்காட்சியகப் பட்டியல்களின் ‘கலைஞர்’ என்னும் கட்டத்தில் பெரும்பாலும் டிரைப் ஒருவரே இடம்பெறுகிறார். படம் எடுத்தலும் படி எடுத்தலும் இருவேறு தொழில்கள் என்பதை அக்கட்டம் மறைத்துவிடுகின்றது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் செலவைக் காரணங்காட்டி இப்பணியை நிறுத்தச் செய்தார்.

ஜெலட்டின் தாள்கள் பரவியபின் வெயிலின் இடத்தை மின்விளக்கு பிடித்தது. அதனால் இருட்டு இன்றியமையாததாயிற்று. என்லார்ஜர் வைக்க இடமும் பணமும் இல்லாதோருக்கு நேரொட்டு முறையே உகந்தது. சன்னலை அடைத்த குளியலறை, மூன்று தட்டுகள், சட்டம் அல்லது ஒரு கண்ணாடித் துண்டு, பாதுகாப்பு விளக்கு, ஒரு சாதாரண பல்பு ஆகியவையே கருவிகள். குளோரைடுத் தாள் மெல்லவே ஒளியை ஏற்பதால் சிறு அறையின் ஒளிக்கசிவை ஓரளவு பொறுக்கும். சிக்கல் வெப்பத்தில்தான். கரைசல்கள் ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் இருத்தல் நன்று. மதுரைக் கோடையில் குழாய்நீரே 30 பாகையைத் தாண்டும். ஜெலட்டின் இளகிப் படலம் உரியும். இரவில் வேலைசெய்வதும், கரைசலைக் குளிர்விப்பதும், படிக்காரம் சேர்த்துப் படலத்தை இறுகச்செய்வதும் இதனாலேயே.

பரோடாவில் உருவான ஆக்ஃபா கிளிக் 3 போன்ற கேமராக்கள் ஒரு 120 சுருளில் 6×6 செ.மீ. அளவில் பன்னிரண்டு படங்கள் தந்தன. பழைய குடும்ப ஆல்பங்களில் வெள்ளை ஓரத்துடன் காணப்படும் உள்ளங்கையளவுச் சதுரப் படங்களுட் பல இவ்வாறு நேரொட்டு முறையில் எடுக்கப்பட்டவையே. இன்று இத்தகைய படங்கள் இலக்கமாக்கப்படுகையில் திரையில் அனைத்தும் ஓரளவாகத் தோன்றுகின்றன. வெள்ளை ஓரமும் பலவேளை வெட்டப்பட்டுவிடுகின்றது. ஓரம் நீங்கலாக உருவப்பகுதி எத்தனை செ.மீ. என்னும் குறிப்பு பட்டியலில் இருந்தால், அது நேரொட்டுப் படியா, பெருக்கிய படியா என்பதையும், எவ்வகைக் கேமராவில் பிறந்திருக்கக்கூடும் என்பதையும் மூலத்தைக் காணாத ஆய்வாளரும் உய்த்துணர இயலும்.