கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்துபோகிறதா? முதலில் எஸ்.எம்.பி.எஸ்-ஐப் பாருங்கள்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஒரு மாதமாகத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பாடம் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது. கல்யாண வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் திரை கறுத்துவிடும். வைரஸாக இருக்கும் என்று விண்டோஸை அழித்து மறுபடியும் போட்டோம். ராம் கெட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னதால் புதிய ராம் வாங்கினோம். அதன்பிறகு, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசியில் நண்பர் ஒருவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட் காட்டியது. வீடியோ வேலை தொடங்கியதும் 11.1 வோல்ட்டுக்கு இறங்கியது. கெட்டுப்போனது மதர்போர்டு அல்ல, எஸ்.எம்.பி.எஸ். அதை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. ராமுக்குக் கொடுத்த பணம் வீண்.

இப்படி வரிசை மாறிச் சோதிப்பதால்தான் பல வீடுகளில் பணம் போகிறது. பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. சீரற்ற மின்சாரம் தொடர்ந்து போனால் ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகலாம். குடும்பப் புகைப்படங்கள், மறைந்துவிட்ட பெரியவர்களின் குரல் பதிவுகள், சான்றிதழ்களின் நகல்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன! ஆகவே கம்ப்யூட்டர் அடிக்கடி அணையத் தொடங்கினால் முதல் வேலை, முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பது. அதன் பிறகு பழுதைத் தேடலாம்.

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரமாக மாற்றி மற்ற பாகங்களுக்குக் கொடுப்பதுதான் கேபினட்டின் பின்புறம் இருக்கும் அந்த இரும்புப் பெட்டியின் வேலை. 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். முறையையே இன்றும் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் பின்பற்றுகின்றன. கம்ப்யூட்டரை அணைத்தாலும் சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சில மதர்போர்டுகளில் சிறு விளக்கு எரிவது இதனால்தான். அந்த விளக்கு எரிவதை வைத்து எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தால் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும். தூசி அடைத்து விசிறி மெதுவாகச் சுற்றினால் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. பல வாரங்கள் அறிகுறி காட்டிவிட்டே போகிறது.

அறிகுறிகள்

- வீடியோ, கேம் போன்ற கனமான வேலையின்போது மட்டும் அணைவது அல்லது ரீஸ்டார்ட் ஆவது.
- காலையில் முதல் முறை ஆன் ஆகாமல், மூன்று நான்கு முறை பட்டனை அழுத்திய பின் ஆன் ஆவது.
- பட்டனை அழுத்தியதும் விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுவது.
- கருகிய வாடை, 'டிக் டிக்' சத்தம், விசிறியில் உராயும் சத்தம்.
- யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவது.

கடைசி அறிகுறியைக் கண்டதும் பலர் யு.பி.எஸ். பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யலாம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அதே யு.பி.எஸ்-இல் ஒரு மேசை விளக்கைச் சொருகி, சுவர் ஸ்விட்ச்சை அணைத்துப் பாருங்கள். விளக்கு உடனே அணைந்தால் பழுது யு.பி.எஸ்-இல் இருக்கிறது. விளக்கு தொடர்ந்து எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் சந்தேகிக்க வேண்டும். யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தைத் தாங்கும் வலு நல்ல எஸ்.எம்.பி.எஸ்-க்கு உண்டு. கெப்பாசிட்டர் தளர்ந்ததற்கு அது இருக்காது. ஆனால் விளக்கு மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும் என்பதால், தளர்ந்த பேட்டரிகூட அதை எரிய வைத்துவிடலாம். இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கருகிய வாடை வந்தாலோ, புகை தெரிந்தாலோ எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மாற்றிவிடுங்கள்.

செலவில்லாத சோதனைகள்

முதலில் வெளிப்பகுதியைப் பாருங்கள். வேறொரு பவர் கார்டைப் போட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ். எதுவும் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்-இன் பின்னால் உள்ள சிறு ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மாடல்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். தவறி 115-இல் வைத்து ஆன் செய்தால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துவிடும்.

அடுத்து, மற்ற பழுதுகளைப் பிரித்தறியுங்கள். தேதியும் நேரமும் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியை மாற்றினால் போதும். நீலத்திரை அடிக்கடி வந்தால் ராமை முதலில் சோதியுங்கள். விண்டோஸிலேயே அதற்கான வசதி உண்டு. பிராசசரின் விசிறியில் தூசி அடைத்திருந்தால் சூடாகித் தானாக அணையும். அணைந்த உடனே ஆன் ஆகாமல், ஆறிய பிறகு ஆன் ஆனால் சூட்டையும் சந்தேகியுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகியிருந்தால், கம்ப்யூட்டர் முறைப்படி அணையவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இனி கேபினட்டைத் திறந்து பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்த பிறகே கை வையுங்கள். டி.வி.டி. டிரைவ், ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். இப்போது விசிறி நிற்காமல் ஓடினால், பிளக்கைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் நின்றுபோகிறதோ அதில் ஷார்ட் இருக்கலாம். பாதுகாப்புக்காகவே எஸ்.எம்.பி.எஸ். தன்னை அணைத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல், எண்ணிக்கை கூடும்போது அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்-ஆல் சுமை தாங்க முடியவில்லை என்று கொள்ளலாம்.

ஜெம் கிளிப் சோதனை

கம்ப்யூட்டர் சுத்தமாக உயிரற்றுக் கிடந்தால் இது உதவும். பிளக்கைப் பிடுங்கி, எஸ்.எம்.பி.எஸ்-இன் எல்லா இணைப்புகளையும் மற்ற பாகங்களிலிருந்து கழற்றிவிடுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்தப் பச்சையையும் பக்கத்தில் உள்ள கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பாலோ சிறு வயர்த் துண்டாலோ இணைத்துவிட்டு, அதன் பிறகு பிளக்கைச் சொருகி ஆன் செய்யுங்கள். மின்சாரம் இருக்கும்போது கிளிப்பைத் தொட வேண்டாம். வேறு நிற வயரில் தவறியும் சொருகக் கூடாது. புதிய மாடல்களில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். அவற்றில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

விசிறி சுற்றவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை ஓடவிடாத சில உயர்ரக மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. விசிறி சுற்றினால், பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. சுமை இல்லாதபோது சரியாக இருப்பது, சுமை ஏறியதும் தடுமாறலாம். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

மல்டிமீட்டர் என்ன சொல்கிறது?

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது, பயன்படுத்தாமல் தொங்கும் பெரிய நான்கு பின் கனெக்டர் ஒன்றில் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் வைத்தால் 12 வோல்ட் தெரியும். சிவப்பு வயரில் வைத்தால் 5 வோல்ட். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி:

- 12 வோல்ட்: 11.40 முதல் 12.60 வரை
- 5 வோல்ட்: 4.75 முதல் 5.25 வரை
- 3.3 வோல்ட், ஆரஞ்சு வயர்: 3.14 முதல் 3.46 வரை

ஒரு முறை சும்மா இருக்கும்போதும், இன்னொரு முறை கனமான வேலை ஓடும்போதும் அளந்து எழுதி வையுங்கள். சுமை ஏறும்போது அளவு இந்த எல்லையைத் தாண்டி இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால், மீட்டரில் தெரியாத வேகமான ஏற்ற இறக்கம் இருக்கலாம். அப்போது நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்-ஐ ஓரிரு நாள் போட்டுப் பார்ப்பதே இறுதிச் சோதனை. கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பெறலாம்.

செய்யக் கூடாதது

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாததால் வருவது. எஸ்.எம்.பி.எஸ்-ஐ மாற்றினாலும் போகாது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

புதிது வாங்கும்போது

பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட்ஸை மட்டும் நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். 450 வாட்ஸ் என்று எழுதிய பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்தான் என்றால், முக்கியமான பாகங்களுக்குக் கிடைப்பது 192 வாட்ஸ் மட்டுமே. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது போதும். கார்டு இருந்தால் போதாது. '80 பிளஸ்' முத்திரை உள்ளது மின்சாரத்தை வீணாக்குவது குறைவு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடலாக இருந்தால், பழைய எஸ்.எம்.பி.எஸ்-இன் கேபிளைப் புதியதில் போடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். அந்த ஒரு தவறே ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடும்.

சர்வீஸுக்குக் கொண்டுபோகும் முன், எப்போது அணைகிறது, எந்த வேலையின்போது அணைகிறது, மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், முதலில் வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. நாங்கள் அன்று அப்படிக் கேட்டிருந்தால் ராம் வாங்கிய பணமாவது மிஞ்சியிருக்கும்.