லயத்துக் காம்பராவும் நம் முன்னோரும்

பூர்வீக வீடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓட்டுக் கூரையும் திண்ணையும், முற்றத்துக் கிணறும், பெட்டிக்குள் பத்திரப்படுத்திய பட்டாவும் ஆகும். நம் பங்கிலே பெரும்பாலான குடும்பங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. "உங்கள் பூர்வீகம் எது?" என்று யாரேனும் கேட்டுவிட்டால் நம் பிள்ளைகள் மழுப்புகின்றனர். "சிலோன்காரர்" என்று பிறர் அழைப்பதைக் குறையாக எண்ணித் தலைகுனிகின்றனர். பங்கின் பொன்விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், கோயில் எழும்பிய வரலாற்றோடு அக்கோயிலை எழுப்பிய மக்களின் வரலாற்றையும் அறிந்துகொள்வது நமது கடமையன்றோ?

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறக்கத் தொடங்கியது 1820-களில். காட்டை வெட்டவும் கன்று நடவும் ஆள் தேவைப்பட்டபோது, பஞ்சத்திலும் கடனிலும் அல்லற்பட்ட தமிழ்நாட்டுக் கிராமங்களை நோக்கிக் கங்காணிகள் வந்தனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டனர். தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் கால்நடையாகவே போயினர். வழியெங்கும் காடு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின.

1869-இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு முன்பே, 1867-இல், லூல்கந்துர என்னும் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறிற்று. டெய்லரின் பெயர் புத்தகங்களில் உள்ளது. குழி வெட்டிக் கன்று நட்ட கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது பயணம் எளிதாயிற்று, கடன் எளிதாகவில்லை. தோட்டம் மாற வேண்டுமானால் பட்ட கடனை எழுதிய "துண்டு" ஒன்று கையில் இருக்க வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

பொன்விழாவுக்கு ஆயத்தமாக, நம் பங்கைச் சேர்ந்த சில குடும்பத்தார் ஒன்றுகூடி ஹட்டன் பக்கத்தில் உள்ள பழைய தோட்டம் ஒன்றுக்குச் சென்று வந்தோம். எங்கள் தாத்தாமார் பிறந்த லயம் இன்னும் நிற்கிறது. நீண்ட ஒரே கட்டிடம், தகரக் கூரை, வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். முன்னால் ஓர் இஸ்தோப்பு. அந்த ஒரு காம்பராவில்தான் பாட்டனும் பாட்டியும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்தனர். அதிலேதான் அடுப்பெரித்தனர், பிள்ளை பெற்றனர், மாலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லினர்.

அங்கே இன்றும் வசிக்கும் உறவுக்காரப் பாட்டி ஒருவர் எங்களைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க பிள்ளைகளா, இதுதான் ஒங்க தாத்தா இருந்த காம்பரா. மண் தரைக்குச் சிமிந்தி போட்டது மட்டுந்தான் நாங்க செஞ்சது" என்றார். பின்னர் பிரட்டுக்களத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அடிமரம் பருத்த பழைய விதைத் தேயிலை நின்றது. "இது நம்ம ஆளுங்க வச்சது. அவுங்களைப் பொதைச்சதும் இந்தப் பக்கந்தான்" என்று காட்டினார். கல்லறை என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. தேயிலைச் செடி நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அவர்கள் நட்ட செடியில் இன்றும் கொழுந்து எடுக்கின்றனர். அங்கேயே நின்று மரித்தோருக்காகச் செபித்தோம்.

அத்தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பொறுப்பான பங்கில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டினார்கள். முதல் உலகப் போருக்கு முந்திய ஏடுகளில் எங்கள் முன்னோர் பெயர்களைக் கண்டோம். தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய், தோட்டத்தின் பெயர் எல்லாம் எழுதியிருந்தன. தோட்டத்துச் செக்ரோலில் அவர்களுக்கு ஓர் இலக்கம் மட்டுமே இருந்தது. கோயில் ஏட்டிலோ இன்னாருக்கு மகன், இன்னாருக்கு மகள் என்று முழுப் பெயரோடு இருக்கின்றனர். எங்கள் குடும்பத்தார் குடியுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில், பிறந்ததற்குச் சாட்சியாகக் கையில் இருந்ததும் இந்த ஏட்டிலிருந்து பெற்ற சான்றிதழ்தான்.

குடியுரிமைக்கு ஏன் மனுப் போட வேண்டி வந்தது? 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவு செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். யாரைப் பிரிக்கிறோம் என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. ஒரே காம்பராவில் பிறந்த அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு மறு நாடும் ஆயிற்று. கோச்சி ஏறிய அந்த நாளைப் பற்றி நம் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசத் தொடங்கினால் முடிப்பதும் இல்லை.

அங்கே தங்கிவிட்டவர்களின் பாடும் எளிதாய் இருக்கவில்லை. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறிற்று. அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் இயேசு சபைக் குரு பவுல் கஸ்பர்ஸ் அடிகளாரை நன்றியோடு நினைக்க வேண்டும். 1972-இல் கண்டியில் "சத்தியோதய" நிலையத்தைத் தொடங்கிய அவர், தோட்ட மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்து 2017-இல் இறைவனடி சேர்ந்தார். 2023-இல், முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தே சென்றனர். அவர்கள் தம் பூர்வீகத்தைச் சொல்ல வெட்கப்படவில்லை என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இனி நம் நீலகிரிக்கு வருவோம். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-இல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. மண்டபம் முகாமில் இறங்கி, தகரப் பெட்டியும் பாயுமாகக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களுக்கு வந்து சேர்ந்த நம் பெற்றோர் மறுபடியும் மலையைத் திருத்தினர்; மறுபடியும் குழி வெட்டித் தேயிலை நட்டனர். பூட்டன் அங்கே செய்ததைப் பேரன் இங்கே செய்தான். குளிரும் அட்டையும் யானையும் இங்கும் இருந்தன. சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துத் தகரக் கொட்டகை போட்டு, அதிலே முதற்பூசை கண்டவர்களும் அவர்களே. இன்று நாம் கூடும் ஆலயத்தின் அடித்தளம் அதுவாகும்.

ஆகவே நமக்குப் பூர்வீகம் இல்லை என்பது உண்மையன்று. நம் முன்னோர் இரண்டு நாடுகளின் மலைகளைத் திருத்தினர். இரண்டிலும் கோயில் எழுப்பினர். நமக்குப் பட்டா எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை. உழைப்பையும் விசுவாசத்தையும் ஒருவரை ஒருவர் கைவிடாத உறவையும் விட்டுச் சென்றனர்.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. கப்பலேறி வந்தவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. மிஞ்சியிருப்போரும் முதிர்ந்த வயதினர். அவர்களோடு ஊர்ப் பெயரும் தோட்டத்தின் பெயரும் பூட்டன் பூட்டியின் பெயரும் மறைந்துபோகும். எனவே நம் பங்கு இல்லத்தில் குடும்ப ஏடு ஒன்றை வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் எந்த ஊர், இலங்கையில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு திரும்பினர், முன்னோர் பெயர் என்ன என்பவற்றைப் பெரியவர்களைக் கேட்டு, ஒவ்வொரு வீட்டாரும் அதில் எழுத வேண்டுகிறோம். எழுதும் பணியைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தாத்தாவும் அப்பாயியும் சொல்லச் சொல்ல எழுதும் பிள்ளை, நாளை "பூர்வீகம் எது?" என்று கேட்பவருக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்லும்.