முத்துவின் குருவி

தூத்துக்குடியில் தெருவுக்கு நாலு முத்து இருப்பார்கள். முத்துசாமி, முத்தையா, முத்துலட்சுமி, வெறும் முத்து. பழைய துறைமுகத்துப் பக்கம் என் நண்பரை "முத்து!" என்று உரக்கக் கூப்பிட்டு, முன்பின் தெரியாத இரண்டு பேர் திரும்பிப் பார்க்க, நான் அசடு வழிந்திருக்கிறேன். பட்சி சாஸ்திரத்தில் ஏறி, லத்தீன் விகுதியும் ஒட்டிக்கொண்ட ஒரு முத்துவைப் பற்றி அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து இங்கேதான் கப்பலேறினார்கள். இந்தக் கரையிலும் முத்துப்பார், அந்தக் கரையிலும் முத்துப்பார். ஆட்களின் பெயரும் இரு கரைக்கும் பொது. அந்தக் கரையில் மேலே போய், யாழ்ப்பாணத்தின் வடமுனையில் இருக்கிறது பருத்தித்துறை.

1846-ல் எட்கர் லேயார்ட் என்ற வெள்ளைக்கார வாலிபர் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். நினிவே நகரத்தைத் தோண்டிப் பேர் வாங்கிய லேயார்டின் தம்பி. அண்ணனுக்கு மண்ணுக்குள் கிடப்பதில் மோகம். தம்பிக்கு மரத்தில் உட்கார்ந்திருப்பதில். வயிற்றுக்குச் சர்க்கார் உத்தியோகம், மனசெல்லாம் பறவை. ஆனால் துரைமார் கண்டுபிடித்ததாகப் புத்தகத்தில் வருகிற பறவையைப் புதருக்குள் நுழைந்து, முள்ளில் கிழிபட்டுக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் வேறொருவர். லேயார்டுக்கு அந்த வேறொருவர் அவருடைய பழைய வேலைக்காரர் முத்து. ஆங்கிலத்தில் அவன், அவர் என்ற பேதம் இல்லை; அதனால் துரைக்குச் சங்கடமில்லை. எனக்கு இருக்கிறது. 'அவர்' என்றே எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை, பருத்தித்துறையில், முத்து ஒரு சின்னப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். சிட்டுக்குருவி அளவு. பழுப்பு முதுகு, மங்கிய பழுப்பு மார்பு, வெள்ளை வளையம் கட்டின பெரிய கண். ஈ, பூச்சிகளைத் தாவிப் பிடித்துத் தின்கிற ஈப்பிடிப்பான் வகை. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் நூல்களில் இல்லாத பறவை. 1854-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் லேயார்ட் அதை வர்ணித்து, 'புட்டாலிஸ் முத்துயி' என்று பெயர் வைத்தார். தம்முடைய சிறந்த பறவைகள் பலவும் முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறமையாலும் கிடைத்தவை என்றும் எழுதினார். அந்தக் குறிப்பில் முத்துவுக்கு ஊரில்லை, தகப்பன் பெயரில்லை. என்றாலும் அந்தக் காலத்தில் பறவைக்குப் பெயர் வைப்பதென்றால் நண்பருக்கோ, மேலதிகாரிக்கோ, வீட்டு அம்மாளுக்கோதான். லேயார்டின் மனைவி பெயரில் இலங்கைக் கிளி ஒன்றே இருக்கிறது. 1849-ல் கல்கத்தாவிலிருந்த எட்வர்ட் பிளைத் வைத்தது. அந்த வரிசையில் வேலைக்காரர் பெயரை ஏற்றிய லேயார்டை எனக்குப் பிடிக்கிறது.

இந்த லத்தீன் பெயர்களில் முதல் சொல் குலம், இரண்டாவது சொல் சொந்தப் பெயர். பின்னால் வந்த பண்டிதர்கள் குருவியைப் புட்டாலிஸ் குலத்திலிருந்து எடுத்து அல்சியோனாக்ஸில் சேர்த்தார்கள். அங்கிருந்து மஸிகாபாவுக்கு மாற்றினார்கள். மஸிகாபா என்றாலும் ஈப்பிடிப்பான்தான். குலம் மூன்றாகியும் முத்து மாறவில்லை. முதலில் இட்ட சொந்தப் பெயரைப் பின்னால் வந்தவர் இஷ்டத்துக்கு அழிக்கக்கூடாது என்பது அந்தச் சாஸ்திரத்தின் விதி. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் இதற்கு 'லேயார்டின் ஈப்பிடிப்பான்' என்றும் ஒரு பெயர் உண்டு. துரையின் பெயர் புழக்கத்தில். முத்துவின் பெயர் சட்டத்தில்.

குருவிக்குப் பிறந்த வீடு நம் பக்கம் இல்லை. வடகிழக்கு இந்தியாவின் மலைகள், பர்மாவின் வடக்கு, சீனாவின் தெற்கு, இங்கெல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் வந்ததும் தென்மேற்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். ஓடைக்கரை, ஈரமான அடர்ந்த புதர், இதுதான் அதற்குச் சரிப்படும். தூத்துக்குடியின் உடைமுள்ளும் உப்பளமும் ஆகாது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல் தாண்டி இலங்கை. இரண்டு தங்கல்களுக்கும் நடுவே, முத்து என்ற பெயர் மலிந்த இந்த ஊர். பிறந்த வீட்டார் அல்ல, விருந்து வைத்தவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்! ஒரே ஒரு இடறல். முத்து கொண்டுவந்தது ஜூன் மாதம் என்கிறார் லேயார்ட். ஜூனில் அது வடக்கே குஞ்சுக்கு இரை தேடிக்கொண்டிருக்க வேண்டும். வழி தவறிய குருவியோ, துரையின் ஞாபகப் பிசகோ.

இதை நான் சொல்லி முடித்தபோது நண்பர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாட்டனார் முத்துக் குளித்தவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம் ஒரு பங்கு குளியாட்களுக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். எந்த முத்து எந்தக் கழுத்துக்குப் போயிற்றென்று குளித்தவருக்கும் தெரியாது. எடுத்தவர் யாரென்று அணிந்தவருக்கும் தெரியாது.

"அப்போ அது எங்க பேருல்லா, அண்ணாச்சி!" என்றார் நண்பர். "ஐப்பசி பிறக்கட்டும். பாபநாசம் மலைப் பக்கம் ஒரு நடை போய்த் தேடிட்டு வருவோம். கிடைக்குமா?"

கிடைக்கலாம் என்றேன். வேட்டைக்கு வேண்டாம், பார்த்துவிட்டு வர மட்டும் என்று ஒப்பந்தம்.