கண்ணயர்ந்த காவலர்

காவல் புரிபவன் கண்ணயர்ந்தால் அவனைக் குற்றவாளியென்பது உலக வழக்கு. அவனை உறங்கவிடாது கடமைக்கு அனுப்பியவர் யாவர் என்று கேட்பார் சிலரே. அக்கேள்வியை மக்கள் மனத்தில் எழுப்பிய நிகழ்ச்சியொன்று இங்கிலாந்தின் புகையிரத வரலாற்றிலே உண்டு.

1892ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி. யோர்க்ஷயர் பகுதியில் தேர்ஸ்க் என்னும் ஊருக்கு அணித்தாயுள்ள மேனர் ஹவுஸ் கைகாட்டி நிலையத்தில் இரவுக் கடமை பார்த்துவந்தவர் ஜேம்ஸ் ஹோம்ஸ். முன்னிரவுக் கடமை முடிந்து வீடு திரும்பிய அவருக்குப் பகலில் உறக்கம் வாய்க்கவில்லை. அவருடைய குழந்தை கடும் நோயுற்றிருந்தது. வைத்தியரைத் தேடி நடந்தார், வைத்தியர் அகப்படவில்லை. குழந்தை இறந்தது. அன்றிரவு தம்மாற் கடமையாற்ற இயலாது, பதிலாள் வேண்டும் என்று நிலைய அதிபரிடம் சென்று கூறினார். பதிலாள் வரவில்லை. துயரத்தோடும் களைப்போடும் ஹோம்ஸ் தமது கடமைக்குச் சென்றார்.

ஏறத்தாழ 36 மணி நேரம் விழித்திருந்த அவர், அதிகாலையிலே தம்மையறியாது உறங்கிவிட்டார். விழித்தெழுந்தபொழுது, அருகே பாதையில் ஒரு சரக்கு வண்டி காத்து நிற்பது அவர் நினைவில் இல்லை. எடின்பரோவிலிருந்து இலண்டன் நோக்கி வந்த கடுகதி வண்டிக்கு வழிவிட்டார். வண்டிகள் மோதின, பத்துப் பேர் மாண்டனர்.

நீதிமன்றம் ஹோம்ஸைக் குற்றவாளியெனக் கண்டது. ஆயினும், அவருக்கு இரக்கங் காட்டவேண்டுமென்று யூரிமார் கேட்டுக்கொண்டனர். நீதிபதியும் சிறைத்தண்டனை விதியாது அவரை விடுவித்தார்.

புகையிரதத் தொழிலாளரின் நீண்ட வேலைநேரத்தைப் பாராளுமன்றக் குழுவொன்று அதற்கு முன்னரே ஆராயத் தொடங்கியிருந்தது. 1893ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், மிகையான வேலைநேரம் பற்றிய முறைப்பாடுகளை விசாரித்துக் கம்பனிகளைத் திருத்தும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது.

உறக்கமின்மையின் கேடு கண் மூடுவதோடு அமைவதன்று. விழித்திருக்கும்பொழுதே நினைவு தவறும், கவனம் சிதறும், சில விநாடிகள் மூளை தானே உறங்கிவிடும். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், சிறிதளவு மது அருந்தியவரின் செயற்றிறனுக்கு ஒப்பாகத் தாழ்கின்றது என்பது 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கமாயினும் வேண்டும். நெடுங்காலம் அது குறையின் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியன வரக்கூடிய வாய்ப்பு மிகும்.

இவ்வுண்மை எளிதில் மறக்கப்படுகின்றது. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி, இலண்டனில் கிளாப்பம் சந்திக்கு அருகே புகையிரதங்கள் மோதி 35 பேர் உயிரிழந்தனர். பழைய மின்கம்பியொன்று முறையாக அகற்றப்படாமையால் சமிக்ஞை விளக்குப் பொய் காட்டியதே காரணம். அவ்வேலையைச் செய்த தொழிலாளி அதற்கு முந்திய 13 வாரங்களில் ஒரேயொரு நாளே ஓய்வு பெற்றிருந்தார். விசாரணையின் பின்னர், பாதுகாப்போடு தொடர்புடைய பணியாளர் ஒரு முறைக்கு 12 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்தலாகாது என்னும் வரையறை ஏற்பட்டது.

இரு விபத்துகளுக்கும் இடையே தொண்ணூற்றாறு ஆண்டுகள். கைகாட்டி மின்விளக்காயிற்று, மனிதனுக்கு வேண்டிய உறக்கம் மாறவில்லை. தன்னால் இயலாது என்று களைத்தவன் கூறும்பொழுது அதனைச் செவிமடுப்பது வெறும் இரக்கமன்று. அவனை நம்பிப் பயணஞ் செய்வோர் அனைவர்க்கும் அதுவே காவல்.