பாட்டன் பெயரைத் தேடுவோர்

கோலார் தங்கவயலில் பிறந்து, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்ற குடும்பங்களில், "நம் முப்பாட்டனார் எந்த ஊர்?" என்ற வினா எழுவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கம் என்று விடை வரும்; அதற்கு மேல் வராது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த காலந்தொட்டு நம்மவர் இங்குக் குடியேறினர். நான்கைந்து தலைமுறைக்குள் நினைவு இவ்வளவு மங்கியது ஏன்? மறதியை மட்டும் பழிப்பது முறையன்று. நாம் பெயரிடும் வழக்கத்திற்கும் இதில் பங்குண்டு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வாழும் பிரெஞ்சு மரபினரை எண்ணிப் பார்ப்போம். 1665-இல் கரிஞான் சாலியேர் என்னும் படை அங்குச் சென்றது. அதில் ஏறத்தாழ 400 வீரர் குடியேறித் தங்கிவிட்டனர். அக்காலப் படைவீரர் குடிப்பெயரோடு பட்டப்பெயரும் பூண்டிருந்தனர். 'லாஃபிளேர்' என்றால் பூ. 'சான்சூசி' என்றால் கவலையற்றவன். பின்வந்தோரில் சிலர் குடிப்பெயரையும் சிலர் பட்டப்பெயரையும் கைக்கொண்டதால், ஒரே தந்தையின் மக்கள் இருவேறு பெயரினர் ஆனதும் உண்டு. ஆயினும் கோயில் ஏடுகளில் பெண்களைப் பிறந்தகப் பெயராலேயே எழுதினர். அதனால் நூல் அறவில்லை.

நமக்கோ குடிப்பெயரே இல்லை. முனியன் மகன் மு. சின்னப்பன், அவன் மகனுக்குப் பாட்டன் பெயரிட்டால் சி. முனியன். பாட்டன் பெயர் மீண்டும் வந்துவிடுகிறது. எந்த முனியன் என்பதுதான் விளங்குவதில்லை. பெண்ணுக்கு மணமானதும் தந்தையின் எழுத்து போய்க் கணவனின் எழுத்து வந்து அமர்கிறது. சுரங்கக் குடியிருப்பின் ஒரே வரிசையில் எத்தனை முனியன், எத்தனை முனியம்மாள்! ஆதலின் தேடுவோர் பெயரை விட்டுவிட்டுக் குலதெய்வம் எது, குழந்தைக்கு முதல்முடி இறக்கியது எங்கே என்று கேட்பதே பயன் தரும் என்பது நம் அனுபவம்.

கடல் கடந்த தமிழர்க்கு வேறு வகையாயிற்று. ரியூனியன், குவாடலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவரின் ஒற்றைப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினர். அதுவே குடிப்பெயராக உறைந்தது. 'முத்துசாமி' அங்கு இன்று பேரப்பிள்ளைகளுக்கும் குடிப்பெயர். எழுத்தரின் பிழையே அங்குப் பரம்பரையைக் காத்தது என்பது விந்தை.

புதுச்சேரியில் நடந்ததோ இவற்றினும் வேறு. அங்குத் தாமே விரும்பிப் பெயர் மாற்றினர். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, சாதி வழக்கம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர் குடிப்பெயர் ஒன்றை ஏற்க வேண்டும். காலணியோடு நீதிமன்றம் புகும் உரிமைக்காகப் பாரிசு வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லா போர்த்' என்று பெயர் பூண்டார். வாயில் என்பது அதன் பொருள். அவ்வழியே சென்றவருள் ஒடுக்கப்பட்டோர் பலர். பழம்பெயரை விட்டது அவர்க்கு இழப்பாகத் தோன்றியிராது.

தங்கவயலிலும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் நின்றுபோனபின், 1926-இல் அப்பாத்துரையார் அதை இங்கிருந்தே மீண்டும் வெளியிட்டார். பிள்ளைக்குக் கௌதமன் என்றும் சித்தார்த்தன் என்றும் பெயரிட்ட குடும்பங்கள் நாம் அறிந்தவை. ஊரின் பெயரைச் சொன்னால் சேரியின் பெயரையும் சொல்ல வேண்டிவரும். அதை விட்டு வந்தவர்கள் அவர்கள். ஆகவே முதியோரின் மௌனம் எல்லாம் மறதியன்று.

நம் ஆயாவிடம் ஒருமுறை ஊரைக் கேட்டோம். "அந்த ஊரை வைச்சு என்ன பண்ணப் போறே?" என்றாள். நெடுநேரம் கழித்து, கேளாமலே, "ஏரிக்கரை மேல ஏழு கன்னிமாரு, எதிர்ல ரெட்டைப் புளியமரம்" என்றாள். ஊர்ப் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.