டர்போ அழுத்தக் குறைவைக் கண்டறிதல்: ஒரு வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற டர்போசார்ஜர், வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்துகிறது. விற்பனைக்கான கார்களில் அது 1962-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. பழுதைத் தவறாகக் கணிப்பதும் அப்போதே தொடங்கிவிட்டது. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி உண்டு. அது காலியானால் ஒரு வால்வு மூடி, டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும். தொட்டியை நிரப்பாதவர்கள் காரில் வேகமில்லை என்று புகார் செய்தனர். கடைசியில் பல கார்களில் டர்போவே கழற்றப்பட்டது. குற்றமற்ற பாகத்துக்குக் கிடைத்த தண்டனை!

இந்தியாவில் 1998-இல் வந்த டாடா சஃபாரி போன்ற டீசல் வண்டிகள், டர்போவைச் சிற்றூர் மெக்கானிக்குகளிடமும் கொண்டுசேர்த்தன. கருவி இல்லாத நிலையில் காதும் கண்ணுமே துணை. முடுக்கும்போது சீறலும் கரும்புகையும் வந்தால் காற்றுக் குழாயில் கசிவு. சோப்பு நீர் தடவி, காற்றேற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது.

மரக்காணம் உப்பளங்கள் முதல் குயிலாப்பாளையம் வரையிலான கடற்கரையில் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதனால் குழாய்க் கிளாம்புகள் துருப்பிடிக்கும். வேஸ்ட்கேட் தண்டு திறந்தபடி இறுகினால் அழுத்தம் ஏறாது. மூடியபடி இறுகினால் அளவுமீறும்.

2010-க்குப் பிந்தைய கார்களில் ஸ்கேனர் ‘பி0299’ என்று அழுத்தக் குறைவைச் சொல்லும். ஓட்டை எங்கே என்று சொல்லாது. ஆகவே சில நூறு ரூபாய்க் குழாயைப் பார்க்காமல், பல ஆயிரம் ரூபாய் டர்போவை மாற்றுவது இன்றும் நடக்கிறது.